அகமும் அடிசிலும்

சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை இரவு, பத்து மணி கடந்திருக்கும், பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். அவிநாசியில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொண்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். இளங்கலைத் தமிழ் படித்தவன். நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கினான்.

"ஐயா, நாளைக்கு ராத்திரி ஒருத்தங்கள வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கறனுங்க. கடையில வாங்கக்கூடாது, நானே ஆக்கிப் போடோணும்னு இருக்கறேன். நம்ம இலக்கியத்துல இந்த மாதிரி எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

அந்த 'ஒருத்தங்க' யாரென்று நான் கேட்கவில்லை. குரலிலேயே தெரிந்தது. என்ன சமைப்பது என்று சொல்ல அவனுக்கு வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள். என்னிடம் அவன் கேட்டது ஒரு முன்னுதாரணத்தை. இருபது வருடத்துக்கு அருகில் அகத்திணை நடத்திக்கொண்டிருப்பவனுக்கு விடை உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டுப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் போட்டேன். அந்த இரவில் புரட்டியதும் யோசித்ததும்தான் இக்கட்டுரை. ஆகவே இதில் ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம்.

களவு, கற்பு என்று தமிழ் மரபு காதலை இரண்டாகப் பகுத்திருப்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரிந்ததே. நான் இதுவரை கவனிக்காமல் விட்டிருந்த ஒன்று, களவுக்கு அடுப்பு கிடையாது என்பது. தினைப்புனம் உண்டு, அருவி உண்டு, பகற்குறி உண்டு, இரவுக்குறி உண்டு. தலைவன் தழை கொண்டுவந்து தருவான், பூக் கொய்து தருவான். ஆனால் ஒருவர் ஆக்கி மற்றவர் உண்ணும் காட்சி களவில் என் கண்ணுக்குப் படவில்லை. காரணம் எளிது. அடுப்பு இருப்பது வீட்டுக்குள்ளே. வீடு தாயின் ஆட்சி. அங்கே தலைவன் நுழைய முடியாது.

நுழைந்த ஒரு தருணம் உண்டு. கலித்தொகையின் ஐம்பத்தோராம் பாட்டு, கபிலருடையது. சிறு வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் ஒருநாள் வாசலில் வந்து நின்று தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறான். வீட்டில் தாயும் இருக்கிறாள். பொற்கலத்தில் நீர் கொடுத்துவா என்று மகளை அவளே அனுப்புகிறாள். வந்தவன் யாரென்று அறியாமல் போன பெண்ணின் முன்கையை அவன் பற்றிக்கொள்ள, அவள் அலற, தாய் ஓடிவர, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான் என்று பெண் ஒரே நொடியில் பொய் சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அந்தக் கள்வன் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது பின்வரிசை கூட விழித்துக்கொள்ளும். களவில் வீட்டுக்குள் வந்தவனுக்குக் கிடைத்தது இவ்வளவுதான், ஒரு கலம் தண்ணீர். அதுவும் தாயின் அனுமதியோடு.

உடன்போக்கிலும் சோறு வருவதில்லை, சோற்றின் நினைவு வருகிறது. ஐங்குறுநூற்றுத் தலைவி ஒருத்தி, எங்கள் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவன் நாட்டில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் இனிது என்கிறாள். நற்றிணை 110-இல் போதனார் காட்டும் பெண், தேன் கலந்த பாற்சோற்றைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு நரைமூதாட்டியர் பின்னால் ஓடிவர, உண்ணமாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடியவள். கணவன் வீட்டில் வறுமை வந்தபோது தந்தை வீட்டுச் சோற்றை நினைத்தும் பார்க்காமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாளாம். பிறந்த வீட்டுச் சோற்றை மறுப்பதே காதலின் சான்று. அதற்கு மாறாக அவன் என்ன ஆக்கிப் போட்டான் என்பதைப் பற்றிப் புலவர்களுக்கு அக்கறையில்லை.

கற்புக்குள் வந்தவுடன் புகை கிளம்புகிறது. குறுந்தொகை 167, கூடலூர் கிழாரின் பாட்டு, பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்டது. புதுமணத் தம்பதியர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைத் தன் மெல்லிய விரலால் பிசைந்தாள். அதே விரலை உடுத்த துணியில் துடைத்துக்கொண்டாள். தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏறியும் அசையாமல் தானே துழாவிப் புளிப்பாகர் செய்தாள். கணவன் இனிது என்று சொல்லி உண்டான். அவள் முகம் மகிழ்ந்தது, அதுவும் மிக நுட்பமாக.

உரைகள் இதை இல்லறத்தின் சிறப்பு என்று சொல்லி முடித்துக்கொள்ளும். எனக்கு என்னவோ இது புதிதாகச் சமைக்கக் கற்றவளின் பாட்டு என்றே படுகிறது. கைபழகியவள் நல்ல துணியில் விரலைத் துடைப்பாளா? தாளிக்கும்போது முகத்தைப் புகைக்கு நேரே கொண்டுபோவாளா? பிறந்த வீட்டில் செவிலி ஊட்ட உண்டவள் அவள். முதன்முதலாகத் தன் கையால் ஒன்றைச் செய்து, ஒருவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் குழம்பு உண்மையில் எப்படி இருந்தது என்பதைப் பாட்டு சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. அவள் எப்போது உண்டாள்? அவன் உண்ணும்போது அவள் நிற்கிறாள். பாட்டு அத்தோடு முடிகிறது.

நற்றிணை 120-இல் மாங்குடி கிழாரின் தலைவன் இன்னும் தந்திரக்காரன். பரத்தையிடம் போய்வந்து, ஊடல் கொண்ட மனைவியை நேரே சந்திக்கத் துணிவில்லாமல், விருந்தினர் யாரேனும் வந்தால் நல்லது என்று ஏங்குகிறான். விருந்து வந்தால் அவள் வாளை மீனை அரிந்து ஆக்கத் தொடங்கிவிடுவாள். கண்ணில் புகை, நெற்றியில் வியர்வை, சேலைத் தலைப்பால் துடைத்தல். கோபிக்க நேரமிருக்காது, சிரித்துத்தான் ஆகவேண்டும். புலவியை உப்போடு ஒப்பிட்ட வள்ளுவர் அளவு தெரிந்தவர். இந்தத் தலைவனோ உப்பே போடாமல் சாப்பிடப் பார்க்கிறான். அவள் உழைப்பு அவனுக்குக் கேடயமாகிறது. இப்பாட்டை இல்லறத்தின் இனிமை என்று முன்பு நடத்தியிருக்கிறேன். இப்போதெல்லாம் கொஞ்சம் கூச்சத்தோடு நடத்துகிறேன்.

தமிழில் ஒருத்தி தன் காதலனுக்கு ஆக்கிய விருந்துகளில் பெரியது சிலம்பின் கொலைக்களக் காதையில் இருக்கிறது. மதுரைக்கு வெளியே ஆயர்சேரியில், மாதரி என்ற இடைச்சியின் பாதுகாப்பில் கண்ணகியைக் கவுந்தியடிகள் விட்டிருக்கிறார். கோவலன் சாவக நோன்பி, பகலிலே உண்ண வேண்டியவன். ஆகையால் இவர்கள் சமைக்கத் தகுந்த கலங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்று சொல்லியனுப்பப்படுகிறது. சமணர் இரவில் உண்ணுவதில்லை என்ற ஒரு விதி, இந்த விருந்தைப் பகல் விருந்தாக்கிவிட்டது. பொருள்களை இளங்கோ ஒவ்வொன்றாக எண்ணுகிறார்: பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, அந்த வீட்டுப் பால், நெய். மீனில்லை, இறைச்சியில்லை. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டிக் கொடுக்கிறாள். கண்ணகி வளைந்த அரிவாளில் காய் நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கைப்பழக்கத்தால் அறிந்த சமையலைக் காதலனுக்காக ஆக்கினாள் என்கிறார் இளங்கோ. 'ஆக்கி' என்பதே அவர் எழுதிய சொல். கொங்குப் பக்கம் இன்றும் சோறு 'ஆக்குவது'தான். மாணவன் தொலைபேசியில் சொன்ன அதே சொல்.

பனையோலைத் தவிசில் அவனை அமர்த்தி, மண்கலத்து நீரால் கால் கழுவி, தரையில் நீர் தெளித்து மெழுகுவதுபோல் தடவி, குருத்து வாழையிலை விரித்து, உண்ணுங்கள் என்கிறாள். மாதரியும் மகளும் இவர்களைக் கண்ணனும் நப்பின்னையுமாகப் பார்த்துப் பூரிக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது விழா. உண்டு முடித்து வெற்றிலை தரும்போதுதான் அந்த இருவரும் முதன்முறையாக மனம் திறந்து பேசுகிறார்கள். கோவலன் தன் பிழையையெல்லாம் வரிசைப்படுத்துகிறான். எழு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன செய்தாய் என்கிறான். கண்ணகியின் மறுமொழியில் ஒரு வரி எப்போதும் என்னைத் துன்புறுத்தும். நீங்கள் இல்லாததால் அறவோரையும் அந்தணரையும் துறவோரையும் பேணவும், விருந்தை எதிர்கொள்ளவும் முடியாமல் போனேன் என்கிறாள். கணவன் பிரிந்ததால் அவள் இழந்தவற்றில் முதலாவதாக அவள் வாயில் வருவது இதுதான். அவனில்லாத வீட்டில் யாருக்கும் சோறிடும் உரிமை அவளுக்கு இல்லை. நீங்கள் நடந்துகொண்டது போற்றத்தக்க ஒழுக்கமன்று என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். சாதுவான பெண் என்று பலரும் வரைந்த கண்ணகி, வழக்குரை காதைக்கு முன்பே பேசிவிட்டாள். ஒரு வேளைச் சோறு ஆக்கிப் போட்ட பிறகு பேசினாள்.

பிறகு அவன் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறான். திரும்பவில்லை.

(கொங்கு வாசகர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. கண்ணகிக்கு விழா எடுத்ததால் மழை பெய்தது என்று உரைபெறு கட்டுரை சொல்லும் நாடுகளில் கொங்கிளங்கோசரின் நம் நாடும் ஒன்று. சிலம்புக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரின் ஊரான நிரம்பையை விசயமங்கலத்தை ஒட்டிய பகுதி என்றே அறிஞர் கொள்வர். அவிநாசியிலிருந்து பெருந்துறைக்குப் போகும் வழியில் இருக்கிறது.)

இந்த விருந்தின் மறுபக்கம் புறநானூற்றில் இருக்கிறது. பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாயப் புறப்பட்ட அவன் தேவி பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோரிடம் காரணமாகச் சொல்வது ஓர் உணவுப் பட்டியல். நெய் தொடாத நீர்ச்சோற்றுப் பிண்டம், எள்ளுத் துவையல், புளி கூட்டி வெந்த வேளைக்கீரை. இதை உண்டு, பாயில்லாமல் பரற்கல் மேல் படுக்கும் கைம்பெண்களில் ஒருத்தி நானல்லள் என்கிறாள். 246-ஆம் பாட்டு. கணவன் இருந்தால் தாளிப்பு, இறந்தால் வேளைக்கீரை. ஒரு பெண்ணின் அடுப்பில் நெய் இருக்குமா இல்லையா என்பதை ஓர் ஆணின் உயிர் முடிவு செய்தது. காதலுக்காக ஆக்கிய சோற்றைப் பற்றிப் பேசும்போது இந்தக் கீரையையும் சேர்த்துப் பேசாவிட்டால் நம் பேச்சு பாதியாகிவிடும்.

இரவு ஒரு மணி. இதுவரை எல்லாம் பெண் ஆக்கியவை. மாணவன் கேட்டது ஆண் ஆக்கியதை.

ஆண் சமையற்காரர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு இடும் உணவு, வீமன் எழுதிய மடைநூலின் நெறி வழுவாமல் சமைத்தது என்கிறார் நத்தத்தனார். ஆண் சமைத்தால் அதற்கு நூல் உண்டு. அரசன் உண்டு, அரண்மனை உண்டு. கண்ணகிக்கோ நூலில்லை, கையறிவுதான். பெண்களின் அந்தக் கையறிவு நூலாவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று நினைத்துப் பார்த்தேன். புக்ககம் போகும் பெண்களின் கையில் கொடுத்தனுப்பப்பட்ட எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது. எழுதியவர் இளமையிலேயே கணவரை இழந்தவர் என்பதைப் பெருங்கோப்பெண்டின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நளன்? நளபாகம் என்ற சொல்லையே தந்தவன். புகழேந்தியின் வெண்பாவால் தமிழ்நாட்டுக் கதையாகவே ஆகிவிட்டவன். மகாபாரதத்தின்படி, சுயம்வரத்தில் அவனுக்குச் சுவையாகச் சமைக்கும் வரத்தைத் தந்தவன் எமன். சாவின் தெய்வத்துக்குச் சமையலோடு என்ன உறவு என்று யாராவது ஆராயலாம். காட்டில் மனைவியைக் கைவிட்டு ஓடி, உருமாறி, இருதுபன்னனிடம் தேர்ப்பாகனாகவும் மடையனாகவும் இருக்கிறான். ('மடையன்' என்பது அன்று வசைச்சொல் இல்லை.) தோழி கொண்டுவந்த அவன் சமைத்த இறைச்சியை வாயிலிட்ட கணத்தில் தமயந்தி அழுகிறாள், முகம் காட்டிக்கொடுக்காதவனைச் சுவை காட்டிக்கொடுக்கிறது. இதில் நான் கவனித்தது, அந்தச் சுவை அவளுக்கு முன்பே பழக்கம் என்பதை. அப்படியானால் நிடத நாட்டு அரசன் நல்ல காலத்தில் தன் மனைவிக்கு ஆக்கிப் போட்டிருக்கிறான்! கதை அந்த நாட்களை விவரிக்கவில்லை. அழுகையிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரோடு ஒட்டியவர் சுந்தரர். முதலை விழுங்கிய பிள்ளையைத் திருப்புக்கொளியூர் அவிநாசியில் பதிகம் பாடி மீட்டவர். சேரமான் பெருமாள் கொடுத்த பொருளைத் திருமுருகன்பூண்டியில் வேடுவரிடம் பறிகொடுத்துச் சிவனோடு சண்டை போட்டவர். அவர் பரவைக்காகப் பட்ட பாடு சைவ இலக்கியத்தில் தனி அத்தியாயம். குண்டையூரில் நெல் கிடைத்தது, சுமக்க ஆளில்லை. கோளிலி இறைவனிடம் போய், அவள் வாடி வருந்தக்கூடாது, ஆள் கொடு என்று கேட்கிறார். பூதங்கள் திருவாரூர்த் தெருவெல்லாம் நெல்லைக் குவிக்கின்றன. பரவையோ, அவரவர் வீட்டு வாசலில் கிடக்கும் நெல்லை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பறையறைவிக்கிறாள். கடவுளையே கூலியாள் பிடிக்க அனுப்பிய காதல்தான். ஆனால் சுந்தரர் நெல்லோடு நிறுத்திக்கொண்டார். குத்தியதும் உலையிலிட்டதும் அந்த வீட்டு மகளிராகவே இருக்கும்.

கடைசியில் நான் போய்ச் சேர்ந்தது பெரியபுராணத்தில், காளத்தி மலையில். திண்ணன் வேட்டைக்கு வந்தவன். குடுமித்தேவரைக் கண்டதும் அவனுக்கு வரும் முதல் கவலை, இவர் தனியாக இருக்கிறாரே, பசிக்குமே என்பது. மலையிறங்கி வந்து, காடன் மூட்டிவைத்த தீயில் பன்றி இறைச்சியை அம்பில் கோத்து வாட்டுகிறான். பதமாக வெந்ததா என்று ஒவ்வொரு துண்டையும் பல்லால் அதுக்கிப் பார்க்கிறான். நல்லதைத் தேக்கிலைக் கல்லையில் வைக்கிறான், மற்றதை எறிகிறான். விழுங்குவது மட்டும் இல்லை. பக்கத்தில் நின்ற நாணனுக்கும் காடனுக்கும் ஒன்றும் புரியவில்லை. இவனும் பசித்திருக்கிறான், வாயில் போடுகிறான், உமிழ்கிறான், நமக்கும் தரவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊருக்குச் சொல்ல ஓடுகிறார்கள். கையில் கல்லை, தலையில் பூ, வாயில் மஞ்சன நீர் ஆக மலையேறுகிறான் திண்ணன்.

காதலுக்காகச் சமைத்த ஆண் என்று நான் தேடியவன் இவன்தான் என்று எனக்குத் தோன்றியது. நூலில்லை, அரசன் கட்டளையில்லை, ஊதியமில்லை. பிடித்த ஒருவர் பசித்திருக்கக்கூடாது, அவர் வாய்க்குப் போவது நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை வந்த சிவகோசரியார் எச்சில், புலால், அநுசிதம் என்று பதறிக் கழுவித் துடைக்கிறார். சேக்கிழார் யார் பக்கம் என்பதில் ஐயமில்லை.

எச்சில், தீட்டு என்ற சொற்களைக் கொங்கு நாட்டில் அவ்வளவு எளிதாகக் கடந்து போக முடியாது. என் சிறுவயதில் எங்கள் பக்கத்துக் கிராமத்து டீக்கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியலின் ஒரு பெரும் பிளவு பந்தியிலிருந்துதான் தொடங்கியது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்பது 1925-இல் பெரும் பிரச்சினையாயிற்று, வ.வே.சு. ஐயரை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் ஈரோட்டுப் பெரியாரும் நின்றார்கள். அதே ஆண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1957-இல் உணவு விடுதிப் பலகையிலிருந்து ஒரு சாதிப் பெயரை நீக்கக் கோரிச் சென்னையில் கிளர்ச்சி நடந்தது. யார் ஆக்கியதை யார் உண்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பவை எப்போதும் சமையற்குறிப்புக்கு அப்பாற்பட்ட விஷயங்களாகவே இருந்துவந்தன. ஆணும் பெண்ணும் பொது இடத்தில் எதிரெதிரே அமர்ந்து உண்ண ஒரு மறைவிடத்தைத் தந்தவை ஓட்டல்களின் திரை தொங்கிய 'பேமிலி ரூம்'கள்தாம். சமூக வரலாறு எழுதுகிறவர்கள் அந்தத் திரைச்சீலைகளைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. என் அம்மா அப்பாவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, ஒருமுறை தவிர. அப்பாவுக்குத் தறி. ஷிப்டு முடிந்து வருவார், மணையில் உட்காருவார். வட்டலில் சோறு விழும். அம்மா கரண்டியோடு நிற்பாள். "போடட்டுங்களா?" "போதும்." அவர்கள் உரையாடலில் பெரும்பகுதி இதுவே. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. ஆத்தாவும் ஊரில் இல்லை. அப்பா அரிசிம்பருப்பு ஆக்கினார்.

இந்தப் பண்டத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து வீடுகளில் நேரமில்லாத நாளின் சாப்பாடு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தக்காளி வதக்கி, மஞ்சள் போட்டு, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகவே வேகவைப்பது. மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளமோ ஊறுகாயோ, முடிவில் தயிர். இன்று இது எளிய சாப்பாடு. கொங்கு மேட்டுநிலத்தில் கம்பும் சோளமும் ராகியும் தின்று வாழ்ந்த என் தாத்தா தலைமுறைக்கு நெல்லுச் சோறே நோம்பிக்கும் விருந்துக்கும் வருவது. பவானிசாகர் போன்ற அணைகளும் பிறகு ரேஷன் கடைகளும் வந்தபின் அரிசி அன்றாடமாயிற்று. ஆட்டாங்கல்லின் முன் பெண்கள் கழித்த மணிக்கணக்கைக் குறைத்த வெட் கிரைண்டரும் 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கியதே. பெண்ணின் தோள்வலியைத் தீர்க்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. ஆண் அந்தக் கல்லின் முன் அமர்ந்திருக்கலாமே என்று ஏன் எவருக்கும் தோன்றவில்லை?

அப்பா ஆக்கியது அடிப்பிடித்தது. வட்டலில் போட்டுக்கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலருகே நீட்டினார். அம்மா வாங்கவில்லை. "நீங்க மொதல்ல சாப்பிடுங்க." அவர் நின்றார். அவளும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் இன்னொரு வட்டலில் போட்டுக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செவிலி எதைப் பார்த்திருப்பாள் என்று பிற்பாடு கூடலூர் கிழாரைப் படிக்கும்போதெல்லாம் அந்த நிலைப்படிதான் எனக்கு நினைவுக்கு வரும். அம்மா குணமானாள். அப்பா மறுபடி அடுப்படிக்குப் போகவில்லை.

காலையில் மாணவனை அழைத்தேன். கண்ணப்பர் என்றேன். "சாமிக்கு ஆக்குனதுங்களா ஐயா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டான். நளன் என்றேன். "அவுரு பொண்டாட்டியக் காட்டுல உட்டுட்டுப் போனவருங்களே." இவனுக்கு நானா பாடம் நடத்தினேன் என்று பெருமையாக இருந்தது. அரிசிம்பருப்பு ஆக்கு, ஒரே போசியில் முடிந்துவிடும் என்றேன். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் வீட்டுக்குத் தெரியுமா?

"இல்லீங்க ஐயா. அவங்க வேற ஆளுங்க."

கொங்கு நாட்டில் இந்த ஒரு வாக்கியத்துக்கு உரை தேவையில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த ஓர் இளம் தம்பதி வெட்டப்பட்டதும், கணவன் இறந்ததும் இதே திருப்பூர் மாவட்டத்தில்தான். அவர்கள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். களவில் அலர் எழும், அன்னை காவல் மிகும் என்று பரீட்சைக்கு எழுதிப் போகிறோம். இங்கே அலருக்கு அரிவாள் முளைத்திருக்கிறது. ஆகவே ஒரு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவர் சாப்பிடுவது என்பது சங்கப் புலவன் நினைத்துப் பார்க்காதது மட்டுமன்று, பக்கத்து வீட்டுக்காரன் நினைத்துப் பார்க்கக்கூடாததும் ஆகும். ஜாக்கிரதையாக இரு என்று மட்டும் சொன்னேன். ஆசிரியன் வேறு என்ன சொல்ல முடியும் என்று அப்போது தோன்றியது. போதாது என்று இப்போது தோன்றுகிறது. பதிவுத் திருமணத்துக்கு என்னென்ன வேண்டும், எந்த வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்பவற்றை அதற்கப்புறம் விசாரித்து வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவனே அழைத்தான்.

"அடி கொஞ்சம் புடிச்சிருச்சுங்க ஐயா."

"யார் முதலில் சாப்பிட்டது? நின்றுகொண்டு பரிமாறினாயா?"

"இல்லீங்க, ரெண்டு வட்டலுதான் இருக்குது, ஆளுக்கொண்ணு போட்டுட்டு ஒண்ணா உக்காந்துட்டோம். நல்லாருக்குதுன்னு சொன்னாங்க. பொய்யா இருக்குமுங்களா ஐயா?"

கூடலூர் கிழார் அதைச் சொல்லாமலே விட்டார் என்றேன். சிரித்தான்.

மாலையில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டாள். காது சற்று மந்தம். குறுந்தொகையிலிருந்து காளத்தி வரை பொறுமையாகக் கேட்டாள். பெண் யார், என்ன ஆளுகள் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"அடிப்புடிச்ச போசிய யாரு கழுவுனதாம்?" என்றாள்.

தெரியாது, நான் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டுச் சொல்லு."